பூசணிக்காயைப் பேணுதலும் நிரப்பிச் சமைத்தலும்

பெரும்போக அறுவடை முடியுங் காலத்தில் வரண்ட வலயத்துக் கமக்காரர் பலரின் முற்றத்தில் பூசணிக்காய் குவிந்து கிடப்பதைக் காணலாம். ஐப்பசி மழையுடன் மேட்டு நிலத்திலும் சேனையிலும் விதைத்த கொடிகள் யாவும் தை, மாசி மாதங்களில் ஏறக்குறைய ஒரே வேளையில் காய்களைத் தருகின்றன. அநுராதபுரம், வவுனியா, மொனராகலை, அம்பாறை, அம்பாந்தோட்டை ஆகிய பகுதிகளின் விளைவு ஒருங்கே சந்தைக்கு வரும்போது விலை வீழ்கின்றது. சில வேளைகளில் காய்களை ஏற்றிச் செல்லும் கூலிக்கே விற்ற பணம் போதாமற் போகின்றது. அப்பொழுது கமக்காரர் காய்களை நிலத்திலேயே அழுக விடுகின்றனர். அல்லது மாட்டுக்கு இடுகின்றனர். அதே வீட்டில் இரண்டு மாதங்களின் பின்னர் மரக்கறி பணங்கொடுத்து வாங்கப்படுகின்றது.

இவ்விழப்பு முழுவதையும் தவிர்த்தல் இயலாதெனினும் பெரும்பகுதியைத் தவிர்த்தல் இயலும். முற்றிய பூசணிக்காய், முறையாகக் கொய்து முறையாக வைக்கப்பட்டால், குளிரூட்டும் பெட்டி எதுவுமின்றி வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கெடாதிருக்கும் அரிய மரக்கறியாகும். அதனை வெறுங் கறியாக மட்டுமன்றி, ஒரு குடும்பத்தின் முழு உணவாகவும் சமைக்கலாம். காயைக் கொய்யும் முறை, சேமிக்கும் முறை, அரிசியும் பயறும் நிரப்பி முழுக்காயாக அவிக்கும் முறை ஆகிய மூன்றும் இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

பூசணியின் வரலாறு

பூசணியின் தாயகம் அமெரிக்கக் கண்டமாகும். 1492 ஆம் ஆண்டின் பின்னர் ஐரோப்பியரின் கடல் வாணிபத்தின் வழியே அது ஆசிய நாடுகளை அடைந்தது. தமிழ்நாட்டில் இதற்குப் பறங்கிக்காய் என்னும் பெயர் வழங்குவது இவ்வரலாற்றை நினைவூட்டும். பறங்கியர் என்பது போர்த்துக்கேயர் முதலான ஐரோப்பியரைக் குறித்த சொல். இலங்கைத் தமிழர் இதனைப் பூசணி என்றே வழங்குவர். சிங்களத்தில் வட்டக்கா எனப்படும். மேற்றோலில் வெண்ணீறு படிந்த நீற்றுப்பூசணி வேறொரு பயிர். இங்கு கூறப்படுவன மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறச் சதையுள்ள பூசணிக்கே பொருந்தும்.

குளிர்நாடுகளில் பூசணி இலையுதிர்காலத்துப் பயிராகும். அங்கு புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் காய்களைக் கொய்து, பனி பெய்யும் காலம் முழுவதும் வைத்துண்பர். காயைக் குடைந்து தானியம் நிரப்பிச் சமைக்கும் வழக்கமும் அந்நாடுகளில் உண்டு. ஆர்மேனியாவில் கபாமா என்றொரு பண்டம் நத்தார், புதுவருட நாட்களிற் செய்யப்படும். குடைந்த பூசணியுள் அரைவேக்காட்டுச் சோறு, உலர்ந்த பழங்கள், பருப்பு வகைகள், தேன், கறுவா என்பவற்றை நிரப்பி அடுப்பில் முழுதாக வாட்டுவர். கம்போடியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சருக்கரையும் கலந்து பூசணியுள் ஊற்றி அவிப்பர். எமது நாட்டில் இலையுதிர்காலம் இல்லை. ஆயினும் களத்தில் புதுநெல்லும் முற்றத்தில் பூசணியும் ஒருங்கே நிறைந்திருக்கும் தை முதல் பங்குனி வரையான காலம் இவ்வகைச் சமையலுக்கு மிகப் பொருத்தமானது. இக்காலத்திலேயே தைப்பொங்கலும் மகா சிவராத்திரியும் வருகின்றன. விரதத்துக்கு மறுநாள் மரக்கறி உணவாக வயிறு நிறைய உண்ண விரும்புவோர்க்கும் இது ஏற்றதாகும்.

உணவுப் பயன்

பூசணிக்காயின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீராகும். ஆகவே அதனை மட்டும் உண்டு உழைக்கும் உடலுக்கு வேண்டிய சக்தியைப் பெறுதல் இயலாது. எனினும் அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டீன் என்னும் பொருள் உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறுகின்றது. இவ்வுயிர்ச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் நோய் தோன்றும். குழந்தைகள் தொற்று நோய்களுக்கு எளிதில் இலக்காவர். சதையின் நிறம் ஆழ்ந்து செம்மஞ்சளாக இருக்குமளவுக்குக் கரோட்டீனும் மிகுந்திருக்கும்.

கரோட்டீன் கொழுப்பிலே கரைவது. எண்ணெயோ தேங்காயோ சேராது வெறும் நீரில் அவித்த பூசணியிலிருந்து உடல் அதனைச் சிறிதளவே பெற்றுக்கொள்ளும். எங்கள் பெண்கள் பூசணிக்குத் தேங்காய்ப்பால் சேர்த்துச் சமைத்து வந்தமை சுவைக்கு மட்டுமன்றி உடல்நலத்துக்கும் உகந்த பழக்கமாகும்.

பூசணியிற் குறைவாயுள்ளது புரதம். 100 கிராம் பூசணியில் ஏறத்தாழ 1 கிராம் புரதமே உண்டு. 100 கிராம் உலர்ந்த பயற்றிலோ ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. அரிசிப் புரதத்திற் குறைவாயுள்ள கூறு பயற்றில் நிறைந்துள்ளது. பயற்றிற் குறைவாயுள்ளது அரிசியில் உள்ளது. இவ்விரண்டையும் ஒருங்கே உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகின்றது. இறைச்சியும் மீனும் உண்ணாத குடும்பங்கள் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். பூசணியுள் அரிசியும் பயறும் கச்சானும் நிரப்பிச் சமைத்தல் இக்காரணத்தினாலேயே விதந்துரைக்கப்படுகின்றது.

கொய்வதற்குரிய பருவம்

சமையலின் வெற்றியும் சேமிப்பின் வெற்றியும் காய் கொய்யப்படும் நாளிலேயே தீர்மானிக்கப்படுகின்றன. அன்றாடக் கறிக்கு இளங்காயைக் கொய்யலாம். சேமிப்பதற்கும் நிரப்பிச் சமைப்பதற்கும் நன்கு முற்றிய காயே வேண்டும். வகைக்கும் காலநிலைக்கும் ஏற்ப, விதைத்து மூன்று முதல் நான்கு மாதங்களிற் காய்கள் முற்றும். நாட்களை மட்டும் எண்ணாது பின்வரும் அறிகுறிகளையும் நோக்குக.

1. காம்பு பச்சை நிறம் மாறி உலர்ந்து, தக்கை போன்று கடினமாகும்.
2. மேற்றோலின் பளபளப்பு மறைந்து நிறம் மங்கும்.
3. நகத்தால் அழுத்தினால் தோலில் நகம் பதியாது.
4. நிலத்தில் படிந்திருந்த பக்கம் மஞ்சள் நிறமாகும்.

கொய்யும்போது காயைத் திருகிப் பிடுங்குதல் தவறு. கூரிய கத்தியால், காயுடன் 3 முதல் 5 சென்ரிமீற்றர் நீளமான காம்பு இருக்குமாறு வெட்டுதல் வேண்டும். காம்பு முறிந்த காயில் அம்முறிவின் வழியே பூஞ்சணம் உட்புகும். காம்பைப் பிடித்துக் காயைத் தூக்குதலும் ஆகாது. இரு கைகளாலும் அடியைத் தாங்கி எடுக்குக. மழை பெய்த உடனே கொய்யாது, வெயில் எறித்துக் காய் உலர்ந்த பின்னர் கொய்க. வண்டியிற் காய்களை எறிந்து ஏற்றுவதனால் வெளியே தெரியாத கன்றல் உண்டாகும். அக்கன்றலே பின்னர் அழுகலின் தொடக்கமாகின்றது.

பூச்சி நாசினி விசிறிய கொடியாயின், அறுவடைக்கு முன்னர் விடவேண்டிய இடைவெளியாகப் போத்தலின் சீட்டில் எத்தனை நாட்கள் குறிக்கப்பட்டுள்ளனவோ அத்தனை நாட்களும் கழிதல் வேண்டும். பழ ஈயின் புழு துளைத்த காய்களைத் தோட்டத்திற் கிடக்கவிடாது சேர்த்து, ஆழப் புதைக்குக. பூசணிப் பூ அதிகாலையில் மலர்ந்து நண்பகலுக்கு முன் கூம்புவது; ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டு செல்வது தேனீ. ஆதலின் நாசினி விசிற வேண்டிய நிலை ஏற்படின் மாலையிலேயே விசிறுக. தேனீ குறைந்த தோட்டத்திற் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிரும்.

பதப்படுத்தலும் சேமித்தலும்

கொய்த காய்களைக் கழுவுதல் ஆகாது. உலர்ந்த துணியால் மண்ணைத் துடைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் ஏறத்தாழ 10 நாட்கள் பரப்பி வைக்குக. 27 முதல் 30 பாகை சதம அளவு வெப்பம் இதற்குப் போதுமானது. வரண்ட வலயத்தின் இயற்கை வெப்பமே இதனைத் தரும். இந்நாட்களில் மேற்றோல் மேலும் கடினமாகும். சிறு கீறல்கள் ஆறும். காம்பின் வெட்டு முகம் உலர்ந்து மூடும். நேர் வெயிலிற் பரப்பினால் தோல் வெந்து கெடும்.

பதப்படுத்திய பின்னர் காய்களை மூன்றாகப் பிரிக்குக.

முதலாம் பிரிவு: காம்பு முறிந்தவை, கன்றியவை, கீறலுற்றவை. இவற்றை வீட்டுச் சமையலுக்கு உடனே பயன்படுத்துக. அழுகிய பகுதி உள்ளவற்றைச் சேமிப்பிடத்துக்குக் கொண்டு செல்லவே வேண்டாம்.

இரண்டாம் பிரிவு: முழுமையாக முற்றாதவையும் மிகப் பெரியவையும். இவற்றை விரைவில் விற்பனை செய்க.

மூன்றாம் பிரிவு: நடுத்தர அளவும் கடினமான தோலும் முழுக் காம்பும் உடையவை. இவையே சேமிப்புக்கு உரியவை.

சேமிக்கும் இடம் நிழலும் காற்றும் உடையதாய், மழை நீர் படாததாய், எலி நுழையாததாய் இருத்தல் வேண்டும். சீமெந்துத் தரையிலோ மண் தரையிலோ நேரே வையாது, தடிகளாலான பரணில் ஒரே அடுக்காக வைக்குக. ஒரு காயின் மேல் மற்றொரு காயை ஏற்றுதல் கூடாது; காய்கள் ஒன்றையொன்று தொடாதிருப்பது நன்று. வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு காயையும் பார்த்து, மென்மையான புள்ளியோ பூஞ்சணமோ தோன்றிய காயை உடனே அகற்றுக. இவ்வாறு பேணினால் நல்ல காய்கள் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை நிற்கும். வைத்திருக்கும் காலத்திற் சதையிலுள்ள மாப்பொருளில் ஒரு பகுதி சீனியாக மாறுவதால், சில வாரங்கள் வைத்த காய் புதுக்காயினும் இனிப்பாயிருக்கும்.

விற்பனைக்காகச் சேமிப்போர் ஒரு கணக்கை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். காய் நீரை இழந்து எடை குறையும். சில காய்கள் அழுகவும் கூடும். எடுத்துக்காட்டாக, 100 கிலோகிராமில் பத்தில் ஒரு பங்கு அழுகி, எஞ்சியதில் பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால், மீதியாவது 81 கிலோகிராம். கொய்த நாளிற் கிலோகிராம் 40 ரூபாவுக்கு விற்கக்கூடிய காய்க்குப் பின்னர் ஏறத்தாழ 50 ரூபாவாவது கிடைத்தாலன்றி இலாபம் இல்லை. இங்கு தரப்பட்ட விலைகள் கணக்கை விளக்குவதற்கானவை. உங்கள் சந்தையின் விலையை இட்டுப் பார்த்து முடிவு செய்க. வீட்டு உணவுக்கென வைப்பதற்கு இத்தகைய ஐயம் வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு காய் என்ற கணக்கில், 10 அல்லது 12 காய்களை முதலிலேயே ஒதுக்கிவிடுதல் நன்று.

நிரப்பிய பூசணி: வேண்டிய பொருள்கள்

ஆறு பேருக்கு ஒரு வேளை உணவுக்குப் பின்வருவன போதுமானவை.

முற்றிய பூசணிக்காய், 2 முதல் 2½ கிலோகிராம் எடையுள்ளது – 1
புழுங்கற் சிவப்பரிசி – 150 கிராம்
பாசிப்பயறு – 100 கிராம்
தோல் நீக்கிய கச்சான் – 50 கிராம்
தேங்காய்ப்பூ – அரைமூடித் தேங்காயிற் துருவியது
கெட்டித் தேங்காய்ப்பால் – 100 மில்லிலீற்றர்
சின்ன வெங்காயம் – 100 கிராம்
உள்ளி – 4 பல்லு
பச்சை மிளகாய் – 3
செத்தல் மிளகாய் – 2
முருங்கையிலை – இரண்டு கைப்பிடி
கடுகு, பெருஞ்சீரகம் – ஒவ்வொன்றும் அரைத் தேக்கரண்டி
மிளகுதூள், மஞ்சள் தூள் – ஒவ்வொன்றும் அரைத் தேக்கரண்டி
கறிவேப்பிலை – 2 நெட்டு
நல்லெண்ணெய் – 2 மேசைக்கரண்டி
தேசிக்காய் – பாதி
உப்பு – அளவாக

இவற்றுள் பெரும்பாலானவை கமக்காரரின் வளவிலும் வயலிலும் கிடைப்பனவே. உழுந்தும் பயறும் வேறாக விதைப்போர் பாசிப்பயற்றுக்குப் பதிலாகக் கௌபியையும் பயன்படுத்தலாம். கச்சான் இல்லாதவிடத்துப் பூசணி விதையை உலர்த்தி, வறுத்து, கோது நீக்கிச் சேர்க்கலாம்.

செய்முறை

1. முதல் நாள் இரவே பயற்றைக் கழுவி ஊறவிடுக. மறுநாள் அதனைப் பிளவுபடாது, ஆயின் நன்கு மெதுவாகும்வரை அவித்து நீரை வடிக்குக. வடித்த நீரைச் சொதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

2. அரிசியைச் சோறாக்குக. சோறு முழுவதும் வெந்திருத்தல் வேண்டும், குழைதல் ஆகாது. பச்சை அரிசியைக் காயினுள் இட்டு வேகவைக்கலாமெனச் சிலர் எண்ணுவர். காயின் நடுவை வெப்பம் மெதுவாகவே அடையும். அரிசி வேகுமுன் காயின் சுவர் குழைந்துவிடும். அரிசி பருத்து விரியும்போது காய் வெடித்தலும் உண்டு. ஆகவே வெந்த சோற்றையே நிரப்புக.

3. காயைக் கழுவித் துடைத்து, அடி தட்டையாக நிற்குமாறு வைக்குக. காம்பைச் சுற்றி, கை நுழையும் அளவுக்கு, ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் அகலமான மூடியை வெட்டுக. கத்தியை நேரே இறக்காது உட்புறமாகச் சாய்த்து வெட்டுதல் வேண்டும். சாய்வாக வெட்டிய மூடி உள்ளே விழாது தன் இடத்திற் படியும். மூடியிலும் வாயிலும் ஒரே இடத்தில் ஒரு சிறு அடையாளம் இட்டுவைத்தால் மீண்டும் பொருத்துதல் எளிது.

4. விதையையும் நாரையும் கரண்டியால் அல்லது சிரட்டை விளிம்பால் வழித்தெடுக்குக. சுவர் இரண்டரை முதல் மூன்று சென்ரிமீற்றர் தடிப்பாக இருக்குமாறு உட்சதையைச் சிறிது செதுக்கி, அச்சதையைச் சிறு துண்டுகளாக அரிந்து வைக்குக. அடிப்பகுதியை மெல்லிதாக்கினால் தூக்கும்போது உடையும்.

5. செதுக்கிய சதையிற் சிறு துண்டொன்றை நாவில் வைத்துச் சுவைக்குக. பூசணி கசக்குமாயின் அக்காயைச் சமைக்கவே கூடாது. பூசணி, சுரை முதலிய குடும்பத்துக் காய்களிற் சில வேளைகளில் உண்டாகும் கசப்புப் பொருள் வாந்தியையும் கடும் வயிற்றோட்டத்தையும் விளைவிக்கும். அவித்தாலும் பொரித்தாலும் அது நீங்காது. கசப்புக் காயின் விதையையும் விதைக்கு எடுத்தல் ஆகாது.

6. காயின் உட்புறத்தில் உப்பு, மஞ்சள் தூள், மிளகுதூளிற் பாதி ஆகியவற்றைப் பூசி, கால் மணி நேரம் கவிழ்த்து வைக்குக. இதனால் மிகுதி நீர் வடிவதுடன் சுவரும் சுவை பெறும்.

7. தாச்சியில் எண்ணெயைக் காயவைத்துக் கடுகை இடுக. கடுகு வெடித்ததும் பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், அரிந்த வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை என்பவற்றை இட்டு வதக்குக. வெங்காயம் பொன்னிறமானதும் அரிந்த பூசணிச் சதையைச் சேர்த்து, பாதி வேகும்வரை கிண்டுக. பின்னர் முருங்கையிலையை இட்டு வாடவிட்டு, தேங்காய்ப்பூ, வறுத்து உடைத்த கச்சான், அவித்த பயறு, சோறு, எஞ்சிய மிளகுதூள், உப்பு ஆகியவற்றைக் கலக்குக. அடுப்பினின்று இறக்கியபின் தேங்காய்ப்பாலையும் தேசிப்புளியையும் விட்டுக் கிளறுக. கலவை கையிற் பிடித்தாற் சேரவும் விட்டால் உதிரவும் வேண்டும்.

8. கலவையைக் காயினுள் இட்டு, வாயிலிருந்து ஒரு விரல் அகலம் வெறுமையாக விடுக. அழுத்தி நிரப்பினால் நடுப்பகுதி சூடேறாது. மூடியைப் பொருத்தி வாழைநாரால் கட்டுக. கலவை மிஞ்சினால் வாழையிலையிற் பொதிந்து காயின் பக்கத்தில் வைத்து அவிக்கலாம்.

9. காய் அடங்கக்கூடிய பெரிய பானையின் அடியில் சிறு தடிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, தடிகளின் மட்டத்துக்குக் கீழே நிற்குமாறு நீர் விடுக. காயைத் தடித்த வெள்ளைத் துணியில் வைத்து, துணியின் நான்கு முனைகளையும் மேலே முடிந்து, பானையுள் இறக்குக. வெந்த காயைக் கையாற் பிடித்துத் தூக்கின் உடையும். துணியைப் பிடித்துத் தூக்கின் உடையாது. பானையை இறுக மூடி, நீர் கொதித்ததிலிருந்து 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை அவிக்குக. நீர் வற்றினாற் கொதிநீரையே சேர்க்குக.

10. பதம் பார்ப்பதற்குக் காயின் பக்கச் சுவரில் ஓர் ஈர்க்கைச் செலுத்துக. தடையின்றி இறங்கினாற் காய் வெந்தது. தூக்கி எடுத்து, தட்டில் வைத்து, கால் மணி நேரம் ஆறவிடுக. உடனே வெட்டினாற் சுவர் சரியும்.

11. காம்பின் பக்கத்திலிருந்து அடிவரை கத்தியை இறக்கி, வத்தகைப் பழத்தை வெட்டுவது போல ஆறு துண்டங்களாக்குக. ஒவ்வொரு துண்டத்துடனும் அதற்குரிய நிரப்பலும் வருதல் வேண்டும். சொதி, தயிர், அல்லது தேங்காய்ச் சம்பலுடன் பரிமாறலாம். முற்றிய காயின் தோலை நீக்கி உண்பர்.

இவ்வாறு செய்த உணவில் ஒருவருக்கு ஏறத்தாழ 10 கிராம் புரதமும், நாளைக்கு வேண்டிய உயிர்ச்சத்து ஏ இற் பெரும்பகுதியும் கிடைக்கும். உடலுழைப்பு மிக்கோருக்குத் தயிரும் மேலதிகச் சோறும் சேர்த்துக் கொடுக்குக.

தணலில் வாட்டும் முறை

பெரிய பானை இல்லாதோர் தணலிலும் சமைக்கலாம். அகன்ற மண்சட்டியின் அடியில் வாழையிலைத் தண்டுகளை இட்டு, அதன்மேற் காயை வைத்து, சிறிது நீர் தெளித்து மூடுக. சட்டியின் கீழே மெல்லிய தணலும், மூடியின்மேல் தேங்காய்ச் சிரட்டைத் தணலும் இருத்தல் வேண்டும். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்திற் காய் வேகும். இம்முறையில் நீர் சேராமையால் இனிப்பும் மணமும் மிகுந்திருக்கும். மின்கனலடுப்பு உள்ளோர் 180 பாகை சதம அளவில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வைக்கலாம்.

இனிப்பு நிரப்பல்

சிறுவர்க்கு இனிப்பாகவும் செய்யலாம். மோதகத்துக்குச் செய்வது போல, அவித்த பயறு, தேங்காய்ப்பூ, சீவிய பனங்கட்டி, ஏலக்காய்த் தூள் என்பவற்றை அடுப்பில் ஒன்றாகக் கிளறி, ஒரு கிலோகிராம் அளவான சிறு காய்களில் நிரப்பி, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அவிக்குக. பூசணியே இனிப்புடையதாகையாற் பனங்கட்டியை வழக்கத்தினும் குறைவாக இடுதல் போதும்.

கவனிக்க வேண்டியவை

தேங்காயும் சோறும் சேர்ந்த உணவு எமது வெப்பத்தில் விரைவிற் பழுதாகும். சமைத்து இரண்டு மணி நேரத்துள் உண்ணுதல் நன்று. காலையிற் சமைத்ததை இரவு வரை வெளியில் வைத்திருத்தல் ஆகாது. சோற்றில் வளரும் சிலவகைக் கிருமிகளின் நச்சு மீண்டும் சூடாக்கினும் நீங்காது. வயலுக்குக் கொண்டு செல்வோர் சூடாகவே பொதிந்து, காலை வேலை முடிந்தவுடன் உண்ணுக.

வெட்டிய பச்சைக் காயை நெடுநாள் வைத்தல் இயலாது. ஆதலால் குடும்பத்துக்கு ஏற்ற அளவான காயையே வெட்டுக. ஐந்து கிலோகிராம் எடையுள்ள காயொன்றை வெட்டி, பாதியை எறிவது சேமித்ததன் பயனை இழப்பதாகும். அடுத்த போகத்தில் விதை தெரிந்தெடுக்கும்போதும் வீட்டுத் தேவைக்கு நடுத்தரக் காய் தரும் வகையை ஓரளவு பயிரிடுக. அங்குணகொலபெலெச ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய ஏ.என்.கே. ருகுணு போன்ற சிபாரிசு செய்யப்பட்ட வகைகளின் விதை பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம். கலப்பின வகைகளின் காயிலிருந்து எடுத்த விதை தாய்க்காயை ஒத்த காய்களைத் தராது. அவ்விதையை உணவாக்குவதே நன்று.

விதைகளை வீசாது கழுவி, நிழலில் உலர்த்தி, உப்புநீர் தெளித்து வறுத்தால் புரதமும் கொழுப்பும் மிக்க சிற்றுணவாகும். கொடியின் இளந்தளிரைச் சுண்டலாக்கலாம். காய் பிடித்த பின்னர் மிகுதியாயுள்ள ஆண் பூக்களையும் கொய்து சமைக்கலாம். பெண் பூவின் அடியிற் சிறு பிஞ்சு இருப்பதால் இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் எளிது. காயின் தோலும் நாரும் மாட்டுக்கும் கூட்டெருவுக்கும் உதவும்.

சுருக்கம்

முற்றிய காயைக் காம்புடன் கொய்க. நிழலில் 10 நாட்கள் பதப்படுத்துக. பரணில் ஒரே அடுக்காக வைத்து வாரந்தோறும் பார்க்குக. கசக்கும் காயை உண்ணாது அகற்றுக. வெந்த சோற்றையும் அவித்த பயற்றையும் நிரப்பி, தேங்காயோ எண்ணெயோ சேர்த்து, முழுக்காயாக அவிக்குக. அன்றே உண்க.

விலை வீழ்ந்த நாளிற் பூசணிக்காயை வீண்பொருளென எண்ணுதல் தகாது. பரணில் வைத்த பன்னிரண்டு காய்கள், சந்தையில் மரக்கறி விலை ஏறும் சித்திரை மாதம் வரை ஒரு குடும்பத்தின் உணவுச் செலவைக் குறைக்கும். குழந்தைகளின் கண்ணொளியையும் காக்கும். இவ்வாண்டு அறுவடையிலேயே இதனைத் தொடங்குக. மேலதிக விபரங்களை உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்திலும் விவசாயப் போதனாசிரியரிடமும் பெற்றுக்கொள்ளலாம்.